வெட்னஸ்டே மிஸ்

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான்கு வருடம் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். அந்த வேலை நிரந்தரமாகாது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் கண்டியில் ஒரு தனியார் ஆங்கில நிலையத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். அதன் அதிபர் தொலைபேசியில் பேசினார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டியிலேயே வளர்ந்தவராம். குரலில் அவ்வளவு மரியாதை. "நீங்கள் வந்தால் எங்கட உயர்தர வகுப்புக்குப் பெரிய பலம். பல்கலைக்கழகம் போற பிள்ளையள் எல்லாம் உங்களிட்டத்தான் படிக்கும்" என்றார். அம்மாவிடம் அந்த வாக்கியத்தை இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன்.

வந்து இறங்கிய அன்றே விசா வேலைக்கு என்று என் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் உயர்தர வகுப்புக்கு என்னை அனுப்பினார். நாற்பது பேர் இருந்தார்கள். கடைத்தெருவின் இரைச்சல் மாடிவரை வந்தது. கால அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். பின்னால் கதவு திறந்ததை நான் கவனிக்கவில்லை.

"ஒருக்கா நில்லும்" என்றார் அதிபர். "இப்ப என்ன சொன்னீர்?"

எனக்குப் புரியவில்லை. எழுதியதை மறுபடி வாசித்தேன்.

"மூன்றாவது நாளை வாசியும்."

"வெட்னஸ்டே" என்றேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். என்னுடைய பேராசிரியர்களே அப்படித்தான் சொன்னார்கள்.

அவர் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளையள், நீங்கள் சொல்லிக் குடுங்கோ மிஸ்ஸுக்கு." நாற்பது பேரும் ஒரே குரலில் "வென்ஸ்டே" என்றார்கள். "இப்ப நீர் சொல்லும்." சொன்னேன். "கேக்கேல்லை. இன்னொருக்கா." சொன்னேன். ஐந்து தடவை சொல்ல வைத்தார். ஐந்தாம் தடவை என் குரல் உடைந்ததை முன் வரிசைப் பெண்கள் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

உச்சரிப்பு தவறுதான். அதை அறைக்கு வெளியே கூப்பிட்டு ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவருக்கு வேண்டியது திருத்தம் இல்லை என்பது அந்த ஐந்து தடவையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. தொலைபேசியில் 'நீங்கள்' என்றவர் அன்றுமுதல் 'நீர்' என்றே கூப்பிட்டார். மறுநாள் என்னைச் சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கு மாற்றினார். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குள் எனக்கு 'வெட்னஸ்டே மிஸ்' என்று பெயர் விழுந்தது. படியேறும்போது முதுகுக்குப் பின்னால் அது கேட்கும்.

எனக்குத் தங்க இடம் கிடைத்தது, நகரத்தைத் துப்புரவு செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் மஹய்யாவயில். கணவர் இறந்துபோன ஓர் அக்கா, தன் வீட்டின் முன்னறையை எனக்கு விட்டிருந்தார். நகரத்தின் தெருக்களைக் கூட்டும் வேலை அவருக்கு. அவருடைய அம்மாவும் அதே வேலையைச் செய்தவர். நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் முதல் சுற்றை முடித்துத் திரும்பி, கால் கழுவிக்கொண்டிருப்பார். முகவரியைப் பதிவேட்டில் எழுதிய அன்று அதிபர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மஹய்யாவயிலையோ இருக்கிறீர்? வேற இடம் கிடைக்கேல்லையோ?"

"நல்ல வீடு சேர்."

"வீடு நல்லாயிருக்கலாம். பெற்றோர் ஆரும் கேட்டால் அந்த இடத்தைச் சொல்லாதையும். எங்களுக்கு ஒரு தரம் இருக்கு."

அன்று மாலை அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"டீச்சர், ஏரிப்பக்கம் ஒரு பெரிய வீடு இருக்கு. அந்தம்மா என்னையக் கண்டா மூக்கப் பொத்திக்கிட்டுப் போகும். நான் ஒன்னும் பேச மாட்டேன். அந்த ரோட்டுல கெடக்குற எல பூராவையும் கூட்டி, அவங்க கேட்டுக்கு அடியில உள்ளுக்குத் தள்ளி விட்டுட்டு வந்துருவேன். ஏழு வருஷமா தள்ளுறேன். இன்னும் மரத்தத்தான் ஏசுறாங்க."

"உங்களுக்குப் பயமில்லையா அக்கா?"

"என்னா பயம்? கோவத்த உள்ளுக்கே வச்சிருந்தா நமக்குத்தான் வகுத்து வலி."

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிலையத்தில் காலைத் தேநீர் நேரத்தில் அதிபருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தை ஆசிரியர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். அவருடைய பேச்சு ஆங்கிலம் சரளமானது, அழகானதும்கூட. ஆனால் பேச்சில் வராத சொற்கள் அச்சில் வந்தால் எழுத்தைப் பார்த்தபடியே வாசித்துவிடுவார். முதல் தடவை அதைக் கேட்டபோது என் கையிலிருந்த கோப்பை அசையாமல் நின்றது. மிகைப்படுத்தலைக் குறிக்கும் 'ஹைப்பர்பொலி' அவர் வாயில் 'ஹைப்பர்போல்' ஆகியிருந்தது. மற்ற ஆசிரியர்கள் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றுமுதல் நான் ஒரு நாள்கூடத் தேநீர் நேரத்தைத் தவறவிடவில்லை. சின்னப் பிள்ளைகளின் பாடக்குறிப்புக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். கட்டட முகப்புக்கான 'ஃபசாட்' அவருக்கு 'ஃபகேட்'. தவறாக வழிநடத்தப்பட்டதைச் சொல்லும் 'மிஸ்லெட்' அவருக்கு 'மைசில்ட்'. குற்றம் சாட்டுவதற்கான 'இண்டைட்' அவருக்கு 'இண்டிக்ட்'. இரண்டு மாதத்தில் பதினொரு சொற்கள் சேர்ந்தன. எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. ஆனால் சேர்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. ஒவ்வொன்றாக எழுதும்போதும் அந்த நாற்பது பேரின் சிரிப்பு கொஞ்சம் தள்ளிப்போனது.

சந்தர்ப்பத்தை அவரே கொண்டுவந்து தந்தார். நிலையத்தின் பரிசளிப்பு விழா வந்தது. பிரதம விருந்தினர், பேராதனைப் பக்கம் வசித்த, ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை ஒருவர். கண்டியில் ஆங்கிலம் அறிந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய மாணவர்கள் என்று சொல்வார்கள். அதிபர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"உமக்கு எழுத்து நல்லா வரும். உச்சரிப்புத்தான் பிழை. என்ர உரையை எழுதித் தாரும். கொஞ்சம் கனமா இருக்கோணும், விளங்கிச்சோ?"

"கனமாவே எழுதுறேன் சேர்."

முதல் வேலையாக, வங்கியில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று சொல்லி என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டேன். அதை அக்காவின் அலுமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினோம். பிறகு முன்னறையில் உட்கார்ந்து எழுதினேன். அதைப்போல மனம் ஒன்றி நான் எதையும் எழுதியதில்லை. பதினொரு சொற்களையும் உள்ளே வைத்தேன், துருத்திக்கொண்டு நிற்காமல், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். ஒழுக்கத்தையும் உழைப்பையும் பற்றிய நல்ல உரைதான் அது. சரியாக வாசித்திருந்தால் அவருக்குப் புகழ் சேர்த்திருக்கும். இதை நான் என் நியாயத்துக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான்.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் அவர் என்னைத் தேடிக்கொண்டு சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கே வந்தார். கையில் உரைத் தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"இந்தச் சொல்லு…" விரலை வைத்துக் காட்டினார். ஒன்றின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டைக் குறிக்கும் சொல். சரியாகச் சொன்னால் 'எபிட்டமி'. "இது எபிடோம்தானே?"

அந்த ஒரு கணம் எனக்கு இன்றும் துல்லியமாக நினைவிருக்கிறது. பிள்ளைகள் படத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் கேலி இல்லை. தெரியாததைக் கேட்கும் ஒரு மனிதரின் முகம்தான் இருந்தது. அவர் கேட்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் நான் எல்லாவற்றையும் செய்திருந்தேன். கேட்டுவிட்டார்.

"ஆமா சேர்" என்றேன். "எபிடோம்தான்."

"தெரியும். சும்மா கேட்டனான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழா மண்டபத்தில் நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் டாக்டர்மார், வழக்கறிஞர்கள், அவர்களுடைய பட்டுப்புடவை மனைவிமார். அதிபர் கோட்டு அணிந்து வந்து, கணீரென்று தொடங்கினார். முதல் சொல் கடந்தது. யாரும் அசையவில்லை. இரண்டாவது கடந்தபோது மேடையில் இருந்த பேராசிரியை தலையை இலேசாகத் திருப்பினார். மூன்றாவது, நான்காவது. நடு வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். 'ஹைப்பர்போல்' வந்தபோது உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, அடக்கப்பட்டு, மறுபடி கிளம்பியது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. தாளைப் பார்த்தார். அங்கே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தொடர்ந்து வாசித்தார். இப்போது ஒவ்வொரு பெரிய சொல்லுக்கு முன்னாலும் தயங்கினார், எது தன்னைக் கவிழ்க்கிறது என்று அறியாதவராக. சரியாகச் சொல்லத் தெரிந்த சொற்களும் வாயில் குழறின. கடைசிப் பத்தியில் தன் தந்தையை 'உழைப்பின் எபிடோம்' என்றார். முன் வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது அவருடைய கண்கள் மண்டபம் முழுவதும் தேடி என்னிடம் வந்து நின்றன.

நான் பார்வையைத் திருப்பவில்லை.

பேராசிரியை தன் உரையில் அதிபரின் தந்தையைப் பற்றி அன்பாகவே பேசினார். பேசும்போது 'எபிட்டமி' என்று மெதுவாக, தெளிவாகச் சொன்னார். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பார். அதிபரின் காது சிவந்ததைப் பின் வரிசையிலிருந்தே நான் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்கு வெல்லம் கரைந்தது போல இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் காலை அவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "வேணுமெண்டோ செய்தனீர்?"

"ஆமா."

"நான் உம்மட்ட வந்து கேட்டனான். கேட்டனானா இல்லையா?"

"கேட்டீங்க."

"என்ர அப்பாவைப் பற்றின வசனம் அது."

அவருடைய தந்தை ரயில்வேயில் சாமான் தூக்கி அவரைப் படிக்க வைத்தவர் என்று உரைக்காக அவரே எனக்குச் சொல்லியிருந்தார். அந்த இடத்தில்தான் அந்தச் சொல்லை வைத்திருந்தேன். அது ஒன்று மட்டும் கொஞ்சம் உறுத்தியது. "அஞ்சு தடவை சொல்ல வச்சீங்க சேர்" என்றேன். அவருக்கு நினைவே இல்லை. எந்த ஐந்து தடவை என்று விழித்தார். அதைப் பார்த்ததும் அந்த உறுத்தலும் குறைந்துவிட்டது. என் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

அக்கா நடந்ததை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். 'மைசில்ட்' என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாவிட்டாலும், கோட்டு அணிந்த ஒருவர் மேடையில் வியர்த்து நின்றதை முழுமையாக ரசித்தார். பிறகு, "ஆனா டீச்சர், அவரு வந்து கேட்டப்ப சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நீங்க ஏழு வருஷமா இலை தள்ளுறீங்களே?"

"அந்தம்மா ஒரு நாளும் வந்து என்னையக் கேக்கலியே."

பத்து நாள் இரண்டு மனமாக இருந்தேன். பகலில் வெற்றி. சாயங்காலம் ஆனால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்ற முகம். மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம்கூட எழுதத் தொடங்கினேன்.

பதினோராம் நாள் அவரே வந்தார். மஹய்யாவயின் ஒடுங்கிய சந்தில் வழி கேட்டு நடந்து வந்திருந்தார். உயர்தரப் பரீட்சை நெருங்கிவிட்டது. வேறு ஆசிரியர் கிடைக்கவில்லை. உரை நன்றாக எழுதப்பட்டிருந்தது, எழுதியது யார் என்று பேராசிரியை விசாரித்திருக்கிறார். அதைக் கேள்விப்பட்ட பெற்றோர் என்னைக் கேட்கிறார்களாம்.

"நடந்ததை விடுவம்" என்றார். "உயர்தர வகுப்பை நீங்களே எடுங்கோ."

என் மனம் இளகியது. பாதி எழுதிய கடிதம் அந்த அறையிலேயே இருந்தது. அக்கா ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டு, அவரை உட்கார வைத்தார். பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் பூப்போட்ட கோப்பையில் தேநீர் கொண்டுவந்தார். "குடிங்க சேர்" என்று இரண்டு கைகளாலும் நீட்டினார்.

அவர் கோப்பையைப் பார்த்தார். அக்காவின் கைகளைப் பார்த்தார். "இல்லை, நான் வெளியிலை ஒண்டும் குடிக்கிறேல்லை" என்றார்.

தினமும் காலையில் அவர் குடிப்பது நிலையத்துக்குக் கீழே இருந்த கடைத் தேநீர். எனக்கு அது தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அக்கா கோப்பையை ஸ்டூலின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். பழகியவர் போலப் போனார்.

"அந்தத் தேநீரைக் குடிச்சிட்டுப் பேசுங்க சேர்" என்றேன்.

அவர் குடிக்கவில்லை. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கினார். மன்னிப்புக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அடுத்த வாரம் கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். என்னை எடுத்துக்கொண்டார்கள்.