ஆட்டுத் தாடி பெர்ஃப்யூம்

போன வாரம் என் மகன் என்னை விவாகரத்து செய்துவிட்டான். அவனுக்கு வயது ஒன்பது மாதம்.

பிரசவ விடுப்பு முடிந்து அஸ்தம்பட்டி ஆபீசுக்கு இப்போதுதான் திரும்பியிருக்கிறேன். பகலில் அவனைப் பார்த்துக்கொள்வது மாடி போர்ஷனில் இருக்கும் அண்ணி — என் கணவரின் அக்கா. சாயங்காலம் ஓடிவந்து கையை நீட்டினால்... வீறிட்டு அலறி, அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். தினமும்!

"வேலைக்குப் போற அம்மான்னு அவனுக்குக் கோவமாட்டம் இருக்குது சாமி" என்றார் அண்ணி. ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா? விட்டால் மட்டும் வருவானா?

இதற்கு நடுவில் ஒரு பெர்ஃப்யூம்.

மறுபடி வேலைக்குப் போகிறேன் என்று இத்தாலியில் இருக்கும் கல்லூரித் தோழி அனுப்பிய பரிசு. சாதா சென்ட் இல்லை, 'நீஷ்' பெர்ஃப்யூம். அதாவது, நாலு பேருக்கு மேல் பிடித்துவிட்டால் மதிப்புப் போய்விடுமாம். கூடவே ஒரு குட்டிக் கையேடு. மத்தியதரைக் கடலோரப் பாறைகளில் சிஸ்டஸ் என்றொரு புதர்ச்செடி. வெயில் ஏற ஏற இலையில் பிசின் கசியும். அந்தக் காலத்தில், மேயப் போன ஆடுகளின் தாடியில் ஒட்டி வந்ததைச் சீவி எடுப்பார்களாம். 'பாறையின் மௌனம், நண்பகலின் ஏக்கம்' என்று வேறு எழுதியிருந்தது.

கணவர் முகர்ந்து பார்த்தார். "ஆட்டுத் தாடிக்கா இத்தனை பில்டப்பு? நாமகிரிப்பேட்டைல எங்க மாமன் பட்டியில நிக்கற கெடாயெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

நான் கண்டுகொள்ளவில்லை. காலையில் இரண்டு ஸ்ப்ரே. பஸ் வேர்வையோடு பிள்ளையைத் தூக்கலாமா என்று, சாயங்காலம் வாசலில் நின்று இன்னும் இரண்டு.

வியாழக்கிழமை காலை அவசரத்தில் ஸ்ப்ரே அடிக்கவும் இல்லை, பாட்டிலைப் பையில் எடுக்கவும் மறந்துபோனேன். அன்று வீட்டுக்குள் நுழைந்தால்... தாவி வந்தான்! தோளில் முகம் புதைத்து, துப்பட்டாவைச் சப்ப ஆரம்பித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே மூக்கில் ஏதோ...

சாம்பிராணி!

குழந்தைக்குப் புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குத் தடை. தடை போட்டது நான்தான்.

"அண்ணி, சாம்பிராணி போட்டீங்களா?"

"நானா? இல்லீங் சாமி..." என்று இழுத்தவர், சட்டென்று நிமிர்ந்தார். "ஏன், நீ மட்டும் தெனமும் போட்டுக்கிட்டுத்தான வாரே? ஊட்டுக்குள்ள நொழையறப்பவே அதே சாம்பிராணி வாசம் கப்புனு அடிக்குது. நீ போட்டா சென்ட்டு, நான் போட்டா பொகையாக்கும்?"

என் மேல் வீசிய நண்பகலின் ஏக்கத்தில், வீட்டுக்குள் வீசியது எனக்கு எப்படித் தெரியும்?

"சரிங்க அண்ணி... அவன் ஏன் என்னைப் பார்த்து அழுதான்?"

"பின்ன? நான் தணலைப் பத்தவெச்சு, சாம்பிராணியத் தூவிட்டுத்தான் அவனைக் காலு மேல போட்டுத் தண்ணி ஊத்துவேன். வாசம் கப்புனு வந்தாலே, மூஞ்சில தண்ணி விழப்போவுதுன்னு கத்த ஆரம்பிச்சுருவான், கள்ளன்!"

ஆக, என்னிடம் அவனுக்குக் கோபமில்லை. தினமும் சாயங்காலம் இரண்டாவது முறை குளிப்பாட்ட ஒருத்தி வருகிறாள் என்று பயந்திருக்கிறான், பாவம்.

நம் வீட்டில் வேண்டாம் என்று விரட்டுவோம். அதுவே கடல் தாண்டி, புரியாத பெயரோடு, கண்ணாடி பாட்டிலில் வந்தால்? கழுத்தில் பூசிக்கொள்வோம்.

அண்ணியும் நானும் சமாதானமாகிவிட்டோம். இனி புகை கிடையாது. பதிலுக்கு, பாட்டில் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கல்யாணம். அண்ணிக்குப் பட்டுப்புடவை, தாராளமாக நாலு ஸ்ப்ரே... கிளம்பும்போது "வாடா தங்கம்" என்று அண்ணி கையை நீட்டினார். வீறிட்டான்! அவர் இடுப்புக்குப் போகாமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினான். அண்ணியின் முகம் வாடிவிட்டது. எனக்கும் வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இருந்ததா? தெரியவில்லை.

அந்த வாசனை உங்களுக்குத்தான் ரொம்பப் பொருத்தம், தினமும் போட்டுக்கொள்ளுங்கள் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன்.