ஸ்டெல்லா வீட்டுப் பின் அறை

வாசல்வரை நெட் கொண்டுவருவது சுலபம். முன் அறை ரூட்டரிலிருந்து பின் அறைக் கம்ப்யூட்டருக்கு அதைக் கொண்டுபோவதற்குள்தான் உயிர் போகும். ஆத்தூரில் ஒருவர், தூசி படும் என்று ரூட்டரை இரும்பு பீரோவுக்குள் பூட்டிவிட்டு எனக்குப் போன் போட்டார். உங்கள் வீட்டிலும் ஏதாவது கூத்து நடந்திருக்கும். வெட்கப்பட வேண்டாம். நான் பட்டதைக் கேளுங்கள்.

பெயின்ட் அடித்த சுவர்

முத்தையாபுரத்தில் ஸ்டெல்லா வீடு. புருஷன் கப்பலில். மகள் பெனிட்டாவுக்கு இரண்டு வாரத்தில் இன்டர்வியூ. பின் அறைக் கம்ப்யூட்டரில் கேமரா முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். ஏற்கெனவே இரண்டு வேலை கடைசிச் சுற்றில் கைநழுவிவிட்டது. இதுவும் போனால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவேன் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள்.

சுவருக்கு ஒரு துளை, ஒரு கேபிள், ஒரு மணி நேர வேலை என்றேன். டிரில்லை எடுத்ததுதான் தாமதம், ஸ்டெல்லா சுவரோடு ஒட்டி நின்றுவிட்டாள். பெயின்ட் அடித்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். வாசல் வழியாக விட்டால் கதவு சாத்தாது. தலையில் அடித்துக்கொண்டு வைஃபையைப் போட்டேன். இரண்டு அறைக்கும் நடுவே இருந்த நடையை ஐந்து நீல டிரம்கள் அடைத்துக்கொண்டு நின்றன. காலி டிரம்கள். முழங்காலால் தள்ளிக்கொண்டு பின் அறைக்குப் போனேன். நெட் ஜோராக ஓடியது.

“பாத்தியளா அண்ணாச்சி, ஒங்க டிரில்ல விட எனக்கு மூள ஜாஸ்தி.”

வந்தால் ஓடும்

மறுநாள் காலையிலேயே போன். நெட் இல்லை. எனக்கு ஆயிரம் வேலை. மூன்று நாள் கழித்துத்தான் போனேன். டிரம்மைத் தள்ளினேன், உள்ளே போனேன், ஓடியது. அடுத்த நாளே மறுபடி போன். மறுபடி மூன்று நாள் கழித்துப் போனேன். மறுபடி ஓடியது. பெனிட்டா நகத்தைக் கடித்தாள். ஸ்டெல்லா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்க வந்தா ஓடுது, போனா நிக்குது. பேசாம இங்கனயே இருந்துருங்களேன் அண்ணாச்சி!”

ரோஷம்

சும்மா விடுவேனா? அன்றைக்கே புது ரூட்டர் மாட்டினேன். மறுநாள் காலையில் அதுவும் படுத்துவிட்டது. ஆபீஸில் எங்கள் சூப்பர்வைசர் செல்வம் புகார்ச் சீட்டை என் முகத்துக்கு நேராக ஆட்டினான்.

“அண்ணாச்சி, ரூட்டர் நல்லாத்தான் இருக்கு. ஒங்களத்தான் மாத்தணும் போல.”

முழங்கால்

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் பெனிட்டாவே கூப்பிட்டாள். “மாமா, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு...” கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். வழக்கம்போல் டிரம்மை முழங்காலால் தள்ளினேன். டிரம் அசையவில்லை, முழங்கால்தான் அசைந்தது. மூடியைத் திறந்தேன். விளிம்புவரை தண்ணீர். ஐந்திலும்.

“தண்ணி எப்ப வந்துச்சு?”

“இன்னைக்குக் காலைலதான். நாலு நாளைக்கு ஒருக்க வரும். ஏன்?”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்மேல்தான். வைஃபைக்குத் தண்ணீர் ஆகாது; நிறைந்த டிரம் ஐந்து நின்றால் சிக்னல் தாண்டாது. மூன்று நாளில் டிரம் காலியானால் நெட் ஓடும். ஒவ்வொரு தடவையும் அன்றைக்கென்று பார்த்து நான் போய் நின்றிருக்கிறேன்.

“ஏளா ஸ்டெல்லா, ரெண்டுல ஒண்ணு சொல்லு. தண்ணியக் கொட்டவா, சுவரத் தொளைக்கவா?”

டிரம்மைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அவளே டிரில்லை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் போன். வேலை கிடைத்துவிட்டதாம். பெனிட்டா அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. பின்னாலிருந்து ஸ்டெல்லா கத்தினாள்.

“மொத நாளே தொளச்சிருந்தா இந்தப் பாடு உண்டுமா அண்ணாச்சி? ஒங்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி!”

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: எங்கள் ஊரில் புதுப் பெயின்ட் சுவரை உடைக்கக்கூடச் சம்மதம் வாங்கிவிடலாம், ஒரு குடம் தண்ணீரைக் கொட்டச் சம்மதம் வாங்க முடியாது.