தேய்க்கிற வண்டியில் போன காலர்

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கை அக்கா தன் நாய்க்குட்டிக்கு ஊசி போட இன்று போனிலேயே பதிவு செய்தார். டாக்டர் வேங்கிக்காலில் இருக்கும் அக்காவின் வீட்டுக்கே வந்துவிடுவாராம். "அப்போ உங்க நாயை ஊசிக்கு எப்படிக் கூட்டிட்டுப் போனீங்க?" என்று அக்கா என்னிடம் கேட்டார். அப்பா துணி தேய்க்கிற வண்டியில் என்றேன். நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

வண்டி என்றதும் கரி நெருப்பும் ஈரத்துணியும் கலந்த வாசனை வந்துவிடுகிறது. என் பள்ளிச் சீருடை அப்படித்தான் மணக்கும். அப்பா தேய்த்த அந்த மடிப்பு வகுப்பில் வேறு யாருக்கும் கிடையாது; அந்தக் கர்வம் எனக்கு இன்னும் போகவில்லை. தெருமுனையில் நின்ற அந்த வண்டிக்கு அடியில் படுத்திருந்த நாய்தான் காலர். கறுப்பு உடம்பு, கழுத்தில் மட்டும் வெள்ளை வளையம். பெயர் அப்பா வைத்தது. துணியோடு வருகிறவர்களை மோந்து பார்க்கும்; தெரிந்தவர் என்றால் தலையைத் திருப்பிக்கொள்ளும், இல்லையென்றால் குலைக்கும்.

நான் கல்லூரியில் இருந்தபோது, அடுத்த தெருவில் ஏதோ ஒரு நாய் ஒரு குழந்தையைக் கடித்துவிட்டது. எங்களிடம் துணி கொடுக்கும் டீச்சரம்மா வந்து சொன்னார்: "ஊசி போடுங்க, இல்லன்னா நாயை எங்கனா வுட்டுட்டு வாங்க. பயந்துகிட்டு யாரும் துணி குடுக்க மாட்டாங்க."

"இத்தினி வருஷம் ஊசி போடாமதானே இருந்துச்சு?" என்றார் அம்மா. வெறிநோய் பற்றி நான் அரைமணி நேரம் பேசினேன். அப்பா கேட்டது ஒன்றுதான். "ஊசி போட்ட அப்புறமும் குலைக்குமா?"

சீட் கிழியும் என்று ஆட்டோக்காரர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டார். நடத்திக் கூட்டிப்போனால் ஒவ்வொரு தெரு நாயும் வழிமறிக்கும். அப்பா இஸ்திரிப் பெட்டியை இறக்கிவைத்தார். காலரைத் தூக்கி வண்டிமேல் உட்காரவைத்துத் தள்ளினார். பின்னால் ஊர் நாய்கள் மொத்தமும் குலைத்துக்கொண்டே வந்தன.

"இன்னாப்பா, சாமி பொறப்பாடா?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஆமா. கற்பூரம் ஏத்து" என்றார் அப்பா, சிரிக்காமல்.

கால்நடை டாக்டர் வயது கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் எல்லாக் கணக்கும் என் படிப்பை வைத்துத்தான். "பொண்ணு பத்தாவது படிக்கறப்போ குட்டியா வந்துச்சுங்க. இப்போ எம்.காம். முடிக்கப் போவுது" என்றார் அப்பா. டாக்டர் விரல் விட்டு எண்ணி ஏழு என்று எழுதினார்.

ஊசியைப் பார்த்ததும் காலர் உறுமியது. அவ்வளவு பேசிய நான் கதவுக்கு வெளியே போய்விட்டேன். அப்பா சட்டையை விரித்து நீவுவதுபோல அதன் முதுகை நீவினார். உறுமல் அடங்கியது. "முடிஞ்சிடுச்சு" என்றார் டாக்டர்.

"குலைக்குமாங்க?"

"ஜாஸ்தியாவே குலைக்கும். வருஷா வருஷம் கூட்டிட்டு வாங்க."

டாக்டர் முத்திரை குத்திக் கொடுத்த ஊசி அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டிக் கம்பியில் கட்டினேன். மறுநாள் டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். காலர் அடியிலிருந்து குலைத்தது. "குலைக்கட்டும்" என்று மூட்டையை வைத்துவிட்டுப் போனார்.

அட்டையில் மேலும் மூன்று முத்திரைகள் விழுந்தன. பிறகு காலருக்கு முதுமை வந்தது. ஒருநாள் வண்டிக்கு அடியிலேயே தூங்கியது எழுந்திருக்கவில்லை. வண்டி நின்ற அந்த முனையில் இப்போது ஒரு லாட்ஜின் வாசல். துணி மூட்டையோடு நின்று, ஒரு நாய் மோந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்ளும்வரை அங்கே யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.