காவல்காரிக்குத் தெரியாதது

ஸ்யாமளாவுக்குத் தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. கணவன் ஜெயந்த் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணக்கு ஆசிரியர். கல்லூரியில் ஆள் குறைத்தபோது அவன் வேலையும் போயிற்று. வீட்டில் அவன் அதைச் சொல்லவில்லை. வழக்கம்போல் காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்பினான், மாலையில் திரும்பினான். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அவனோடு வேலை பார்த்த ஒருவர், சாருக்கு வேறு இடம் கிடைத்துவிட்டதா என்று ஸ்யாமளாவிடம் விசாரித்தார். எல்லாம் தெரிந்தவள்போல், தேடிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி வைத்தாள்.

வீட்டுக்கு வந்து கேட்கவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று இருந்தாள். வாரநாட்களை எப்படியோ தள்ளிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். டிவி சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு பேச்சில்லை. அதனால்தான், உடன் வேலை பார்க்கும் முத்துச்செல்வி தன் வீட்டில் ஞாயிறு மாலை ஒரு விளையாட்டு நடக்கிறது, இரண்டு பேர் தேவை என்றதும், என்ன விளையாட்டு என்றுகூடக் கேட்காமல் ஜெயந்துக்கும் சேர்த்து ஒப்புக்கொண்டாள்.

நாகமலை புதுக்கோட்டையில் மாடி வீடு. சாப்பாட்டு மேசையைச் சுற்றி முத்துச்செல்வியின் கணவன் முத்திருளனையும் சேர்த்து நான்கு பேர். கட்டமும் இல்லை, காயும் இல்லை. முத்துச்செல்வி கதையை நடத்துவாள். எங்கே நிற்கிறீர்கள், எதிரே என்ன இருக்கிறது என்று சொல்வாள். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். என்ன செய்கிறோம் என்று வாயால் சொன்னால் போதும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகமுள்ள காரியத்துக்கு மட்டும் இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு அந்த வேடத்தின் திறமையைக் கூட்டி, முத்துச்செல்வி நினைத்த அளவை எட்டினால் பலிக்கும்.

ஸ்யாமளா காவல்காரி, ஜெயந்த் வைத்தியர், முத்திருளன் படகோட்டி. காணாமல்போன ஊர்த்தலைவரை மீட்க மூவரும் ஒரு கோட்டைக்கு வந்திருக்கிறார்கள். கதவை உடைக்கிறேன் என்று ஸ்யாமளா கூச்சத்தோடு சொன்னாள். பகடை அவளுக்குச் சாதகமாக விழுந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வைத்தியர் மட்டும் உள்ளே போனார். தலைவர் இறந்து கிடப்பதாக முத்துச்செல்வி விவரித்தாள். வெளியே வந்து எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்வேன் என்றான் ஜெயந்த். உண்மையைச் சொன்னால் மற்ற இருவரும் பயந்துவிடுவார்களாம்.

ஸ்யாமளாவுக்குச் சுருக்கென்றது. "பொய். அவர்தான் செத்துட்டாரே" என்றாள்.

"அக்கா, அது உங்களுக்குத் தெரியும். காவல்காரிக்குத் தெரியாதுல்ல. அவ வெளிய நிக்கிறா" என்றாள் முத்துச்செல்வி.

"அப்ப அவ என்னதான் செய்ய?"

"கேக்கலாமே. கேக்கக் கூடாதுன்னு எந்த ரூலும் இல்ல."

ஸ்யாமளா புருஷன் பக்கம் திரும்பி, "வைத்தியரண்ணே, உள்ள என்ன நடந்துச்சு? எங்கிட்டச் சொல்லுங்க" என்றாள். அண்ணே என்றதும் முத்திருளன் சிரித்தான். ஜெயந்த் சிரிக்கவில்லை. பகடையைக் கையில் எடுத்தான். பொய் சொல்வதானால் உருட்டுங்கள், உண்மை என்றால் பகடை வேண்டாம் என்றாள் முத்துச்செல்வி. அவன் அதைச் சற்று நேரம் விரலிடுக்கில் வைத்திருந்துவிட்டு மேசையில் வைத்தான்.

"தலைவர் இறந்துட்டாரு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம மறைச்சேன்."

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் ஸ்யாமளா வண்டியை நிறுத்தச் சொன்னாள். தங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில், கல்லூரியில் என்ன நடந்தது என்று கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். தினமும் பூங்காக்களிலும் நூலகங்களிலும் பொழுதைக் கழித்ததையும் சொன்னான். உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றாள்.

கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. தெரிந்தும் பேசாமல் இருந்த நாட்களில் பொறுமை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது பொறுமையே இல்லை. அந்த வாரம் முழுக்கச் சின்னச் சின்னதற்கெல்லாம் அவன்மேல் எரிந்து விழுந்தாள். அவன் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டான். அது அவள் கோபத்தை இன்னும் கூட்டியது.

சனிக்கிழமை காலை ஜெயந்த் லுங்கியோடு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு முத்துமீனா, தம்பிக்கு லீவா என்று கேட்டாள்.

"இல்லக்கா. வேலை போயிருச்சு. தேடிட்டிருக்கேன்."

உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்த ஸ்யாமளா அடுப்பைத் தணித்துவிட்டு நின்றாள். பசுமலை டியூஷன் சென்டரில் கணக்குக்கு ஆள் கேட்கிறார்கள் என்று முத்துமீனா சொல்லிக்கொண்டிருந்தாள்.