சின்னவனுக்குப் போட்ட பசை

மருத்துவக் கல்லூரியில் எலும்பு அறையைப் பார்த்துக்கொள்பவளுக்கு நாங்கள் வைத்த பெயர் எலும்பக்கா. நான் உடற்கூறு ஆசிரியையாகச் சேர்ந்த அன்றே, "இங்க இருக்கிற யாரும் சத்தம் போட மாட்டாங்க டாக்டரம்மா, நீங்களும் போடாதீங்க" என்று என் வாயை அடைத்தவள்.

அவளுக்குச் செல்லம் ஒரு பச்சைக் குழந்தையின் மண்டையோடு. சின்னவன் என்பாள். அதுவும் ஒரு பெண்ணின் இடுப்பெலும்பும் ஒரே பெட்டியில் வந்தவை. தாயும் பிள்ளையுமா என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

பிரசவப் பாடம் எடுப்பது அவற்றை வைத்துத்தான். மனிதன் நிமிர்ந்து நடந்தான், இடுப்பின் வாசல் குறுகியது. பிறகு மூளை பெருத்தது. அந்த வாசல் வழியே தலை வெளியே வர, நடுவழியில் திரும்ப வேண்டும். ஓட்டின் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒடுங்க வேண்டும். அதற்காகவே அவை ஒட்டாமல் பிறக்கின்றன. சின்னவனின் துண்டுகளை ரப்பர் நூலால்தான் கோத்திருந்தோம்.

ஒருநாள் மாணவர்கள் முன்னால் சின்னவனை இடுப்பெலும்புக்குள் இறக்கினேன். நுழைந்தான், பாதி திரும்பினான், நின்றுவிட்டான். அழுத்தினேன். அசையவில்லை.

"உதிர்ந்து உதிர்ந்து போறானேன்னு பசை போட்டு ஒட்டிட்டேம்மா" என்றாள் எலும்பக்கா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுப்பதற்குள் அவளுடைய போன் அடித்தது. எதிர்க் கட்டடத்துப் பிரசவ வார்டில் அவள் மகள் பிரசவ வலியில் கிடந்தாள். பேசியது மருமகன்.

"தலை பாதியில நிக்குதாம் அத்தை. இறங்க மாட்டேங்குதாம்."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மாணவர்களை வெளியே அனுப்பினேன். "இதுக்கும் அதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. ஒரு வாளியில் வெந்நீரை ஊற்றி, சிக்கியவனை இடுப்பெலும்போடு அமிழ்த்தினாள்.

"வந்துடுடா கண்ணு. அம்மாவை விட்டுட்டு வந்துடு."

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பசையைச் சுரண்டியது என் நகமும்தான். தண்ணீர் ஆறத் தொடங்கியபோது உள்ளே ஏதோ இளகியது. நான் தள்ளவேயில்லை. சின்னவன் தானாகத் திரும்பி என் உள்ளங்கையில் வந்து விழுந்தான். குழந்தை பிறந்துவிட்டது என்று மருமகன் மறுபடி கூப்பிட்டபோது என் கை இன்னும் ஈரமாக இருந்தது.

எதிர்க் கட்டடத்துக்கு ஓடினோம். பேத்தியின் தலை சுரைக்காய் மாதிரி நீண்டிருந்தது. சில நாளில் சரியாகிவிடும் என்று நான் சொல்லியும் எலும்பக்கா கிட்டே வரவில்லை. பசை காய்ந்த கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க தொட்டுப் பாருங்க டாக்டரம்மா. உச்சி ஒட்டியிருக்கா?"

விரலை வைத்தேன். மெத்தென்ற தோலுக்கடியில் துடித்துக்கொண்டிருந்தது.

"இல்லக்கா. தொறந்துதான் இருக்கு."

அப்போதுதான் அவள் அழுதாள்.

"பெட்டியில சின்னவனோட வந்தவளுக்கு, வலி வந்த அன்னிக்கு யாருமே இல்லாம போய்ட்டாங்களே டாக்டரம்மா."