பச்சைக்கல்லுக்குள் ஓர் இலை

எங்கள் ஆட்களிடம் இரவல் நகைக்கு ஒரு சட்டம் உண்டு. திரும்பி வரும் டப்பாவைத் திறக்காமல் அப்படியே வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட வேண்டும். கொண்டுவந்தவர் முன்னால் திறந்து பார்ப்பது அவரைக் கள்ளி என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மீறிய பிறகுதான் அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரிந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. புலம்பெயர்ந்து வந்து பிளாக்ஹவுஸ் பே என்ற இடத்தில் இருந்தோம். பிறந்தநாளுக்கு அப்பா வாங்கித் தந்த பூதக்கண்ணாடியால் வீட்டில் நான் எதையும் விட்டுவைக்கவில்லை. எறும்பு, உப்பு, தூங்கும் அப்பாவின் மூக்கு எல்லாம் முடிந்து, அம்மாவின் தங்கப் பதக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். அதன் நடுவில் கடலை அளவில் ஒரு மரகதம். கண்ணாடி வைத்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய கோடுகள் சேர்ந்து, பள்ளிக்கூட வாசலில் நிற்கிற பன்னச் செடியின், ஃபெர்ன் என்பார்களே அதன், இலை மாதிரியே ஒரு குட்டி இலை. கல்லுக்குள் இலை எப்படிப் போனது, அதற்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று எல்லோரையும் நச்சரித்தேன்.

அந்தப் பதக்கத்தை ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள சித்தி வாங்கிப்போனார். சித்தி அம்மாவின் தங்கை, அதே நகரின் மறுகோடியில் மனுரேவாவில் இருந்தார். இந்த நாட்டில் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் என்று இருந்தது அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை சித்தி வராவிட்டால் அம்மாவுக்குச் சோறு இறங்காது.

வழக்கமாக மறுநாளே திரும்பிவிடும் பதக்கம் இந்த முறை வர ஒரு மாதம் ஆனது. அம்மா குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். சித்தி கொண்டுவந்த டப்பா மேசையில் இருந்தது. இலை வளர்ந்திருக்குமா என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சித்தியின் முன்னாலேயே திறந்தேன்.

இலையைக் காணவில்லை. கல் துடைத்து வைத்த யன்னல் மாதிரிச் சுத்தமாக இருந்தது. அசல் மரகதத்துக்குள் ஏதாவது கீறல் இருக்கும், வெறும் கண்ணாடிதான் அப்படிச் சுத்தமாக இருக்கும் என்பதெல்லாம் பின்னாளில் படித்தது.

"அம்மா, லீஃப் இல்லை," என்று குசினிக்குக் கேட்கச் சொன்னேன்.

சித்தி கைப்பையின் சிப்பைத் திறந்து திறந்து மூடினார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பூதக்கண்ணாடியை வாங்கினார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் இரத்தம் பார்த்து, எது நல்லது எது பழுது என்று சொல்கிறவர். இனித் தீர்ப்புச் சரியாக வரும் என்று நான் நிம்மதியாக நின்றேன். அம்மா கனநேரம் பார்த்தார். பிறகு டப்பாவை மூடினார்.

"கிடக்குது பிள்ளை. நீதான் வடிவாப் பாக்கேல்லை."

சித்தியிடம் தேத்தண்ணி ஆறமுதல் குடிக்கச் சொன்னார். சித்தி குடித்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. நாக்குச் சுட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அம்மா பொய் சொல்ல மாட்டார். ஆகவே பழுது என் கண்ணில்தான். மூன்று நாள் பயந்து, நாலாம் நாள் எனக்குக் கண் தெரியவில்லை என்று அம்மாவிடம் அழுதேன். கடைத்தெருவில் இருந்த கண் பரிசோதகரிடம் கூட்டிப்போனார். கடைசி வரிப் பொடி எழுத்துவரை ஒன்று விடாமல் வாசித்தேன். இவ்வளவு நல்ல கண்ணைப் பார்த்துக் கனகாலம் என்றார் அவர்.

காரில் ஏறியும் அம்மா சாவியைத் திருப்பவில்லை. என் முகத்தைப் பிடித்து இரண்டு கண்ணிலும் முத்தம் கொடுத்தார். என் கண்ணும் நல்ல கண், அம்மாவின் கண்ணும் நல்ல கண் என்றால் இலை எங்கே போனது என்று கேட்டேன்.

"சித்தி இந்த ஞாயிறும் வருவா," என்றார்.

கேட்டதற்கு அது பதிலே இல்லை என்று, வீடு வந்து சேரும்வரை நான் அம்மாவோடு கோபமாக இருந்தேன்.