கிரகணத்தில் நடந்தவள்

முனிலட்சுமிக்கு ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பல்சக்கரம் ஒன்று பழுதாக வந்தால் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவள். எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்று தோண்டித் துருவாமல் விடமாட்டாள். சூப்பர்வைசர்கூட அவள் மேஜைப் பக்கம் கொஞ்சம் அடக்கமாகத்தான் வருவார்.

எண்பதாம் வருஷம் பிப்ரவரியில் சூரிய கிரகணம் வந்தபோது அவள் நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். மத்தியானம் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் ஒரு பஸ் இல்லை; ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தது. பிள்ளைத்தாய்ச்சி வெளியே தலைகாட்டக் கூடாது என்று வாட்ச்மேன் தடுத்தார். கேட்டிலேயே எத்தனை நேரம் நிற்பது? சானமாவு ரோட்டில் நடையைக் கட்டினாள். வழியில் புங்க மரத்தடி நிழல் முழுக்க, இலை இடுக்கில் இறங்கிய கிரகண வெயில் சின்னச் சின்ன ஒளிப் பிறைகளாகக் கொட்டிக் கிடந்தது. வானத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்படி ஒரு அழகை அவள் அதுவரை கண்டதில்லை.

ஜூலையில் நம் ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளை மேலே கொண்டுபோன அன்றைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி ரேடியோ பெருமையாகப் பேசிக்கொண்டிருக்க, நர்ஸ் தயங்கித் தயங்கிக் குழந்தையை நீட்டினாள். மேலுதடு பிளந்திருந்தது. புருஷன் ஆஞ்சப்பன், "அன்னிக்கி நடந்து வந்தியே" என்றான். அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பழுதுக்குக் காரணம் தேடியே பழகியவளுக்கு, காரணம் தானேதானோ என்ற நினைப்பில் சோறு இறங்கவில்லை.

டிசம்பரில் ஆபரேஷனுக்குப் பெங்களூர் போனார்கள். வார்டில் அதே மாதிரி உதட்டோடு இன்னும் பத்துப் பிள்ளைகள். முனிலட்சுமியின் வேலைப் புத்தி விழித்துக்கொண்டது. கட்டில் கட்டிலாகப் போய்த் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் விசாரித்தாள். கிரகணத்தில் வெளியே போனீர்களா என்றால் பத்துப் பேரும் இல்லை என்றார்கள். ஒருத்தி வயிற்றுப் பிள்ளையோடு விறகு வெட்டினாளாம். ஒருத்தி சாவு வீட்டுக்குப் போனாளாம். இன்னொருத்தி மாமியாரை எதிர்த்துப் பேசினாளாம். ஆளுக்கொரு குற்றம், எல்லோருமே குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள். அந்த வருஷம் ராக்கெட் விட்டவர்களை நாடே கொண்டாடியது, சரிதான். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுபோன ஒரு பெண் அந்த வார்டில் செய்த ஆராய்ச்சியை எந்தப் பேப்பரும் போடவில்லை.

பதினோரு மெஷினில் பதினோரு விதமான கோளாறு இருந்தால், பதினோரு பீஸும் ஒரே மாதிரியா கெடும்? முனிலட்சுமி வராந்தாவுக்கு வந்து, ஐந்து மாதமாக அடக்கி வைத்திருந்ததை அழுது தீர்த்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு ஆஞ்சப்பனிடம் போனாள்.

"என்னையும் சேத்துப் பதினோரு பேருங்க. ஆளுக்கொரு தப்பத் தலையில கட்டியிருக்காங்க. நீ என்னா பண்ணினேன்னு ஒரு அப்பனக்கூட யாரும் கேக்கல."

ஆஞ்சப்பன், பிள்ளையைக் கொடு என்று கையை நீட்டினான். பிறந்து ஐந்து மாதத்தில் அன்றைக்குத்தான் அதன் முகத்தை நேராகப் பார்த்தான்.